குதிர் இல்லாத விளைச்சல்

ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் இறங்கும் நாள்களில், நிற்கும் மனிதனின் வேட்டியைப் பறித்துக்கொண்டு போகும் வேகம் அதற்கு உண்டு. அத்தகைய காற்றிலும் சில காற்றாலைகள் அசையாது நிற்பதைக் காண்போர் பழுதென்று எண்ணக்கூடும். எல்லாம் பழுதன்று. உற்பத்தியைக் குறைக்குமாறு மின்சுமைப் பகிர்வு மையத்திலிருந்து ஆணை வந்திருக்கும். இறக்கைகள் தம் விளிம்பைக் காற்றுக்குக் காட்டி வாளாவிருக்கும். எந்தப் புகையும் இன்றி, எந்த எரிபொருளும் இன்றி விளைய வேண்டிய மின்சாரம் விளையாமலே போகிறது.

ஆக்கிய கணத்திலேயே நுகர்ந்தாக வேண்டியது மின்சாரத்தின் இயல்பு. ஆக்கமும் நுகர்வும் ஈடாக நிற்கும்வரைதான் மின்தொடரமைப்பு நொடிக்கு 50 சுழற்சி என்ற தாளத்தில் ஓடும். அனல்மின் நிலையங்களையோ ஓரளவுக்குக் கீழே இறக்க இயலாது. நிறுத்தினாலோ மீண்டும் இயக்கப் பல மணி நேரமாகும். ஆகவே நள்ளிரவில் காற்று மிகும்போது நிறுத்தப்படுவது காற்றாலையே.

இதற்கு மருந்து அறியாத மாநிலமன்று தமிழ்நாடு. ஆனைமலைக் காட்டுக்குள், பாறையைக் குடைந்த குகையில், 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1980களின் இறுதியிலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. மேலே காடம்பாறை அணை. கீழே மேல் ஆழியாறு அணை. மின்சாரம் மிஞ்சும் வேளையில் அங்குள்ள நான்கு இயந்திரங்களும் நீரேற்றிகளாக மாறி, கீழ்நீரை முந்நூறு மீட்டருக்கும் மேலான உயரத்துக்குத் தள்ளுகின்றன. தேவை கூடியதும் ஏறிய நீரே இறங்கிவந்து அதே இயந்திரங்களை எதிர்த்திசையில் சுழற்றுகிறது. ஏறக்குறைய நான்கு பங்கு செலவிட்டால் மூன்று பங்கு திரும்பும். போன ஒரு பங்கை இழப்பென்று எழுதுவோர் உண்டு. காற்றாலையை நிறுத்தினால் நான்கு பங்கும் போகின்றனவே, அவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது?

காடம்பாறையைக் கட்டியவர்களின் காலத்தில் இன்றைய காற்றாலைக் காடுகள் இல்லை. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது. கமுதியில் மட்டும் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் எழுந்தது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இத்தனையும் பெருகிய நெடுங்காலத்தில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெருங்குதிர் மட்டும் காடம்பாறை என்ற ஒன்றாகவே நின்றது. நீலகிரியில் போர்த்திமந்து, அவலாஞ்சி, எமரால்டு ஆகிய பழைய நீர்த்தேக்கங்களைக் கொண்டே அமையும் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டம் தவணை தள்ளித் தள்ளியே போயிற்று. இது பொறுக்கத் தக்கதன்று.

‘பேங்கிங்’ என்று தொழில்துறையினர் வழங்கும் ஒரு முறை நம்மிடம் உண்டு. பருவகாலத்தில் மின்வாரியத்துக்குத் தந்த மின்சாரத்தைப் பழைய காற்றாலைகளின் உரிமையாளர் ஆண்டுக்குள் வேறொரு மாதத்தில் பெற்றுக்கொள்ளலாம். காற்றாலைத் தொழிலை இந்நாட்டில் ஊன்றச் செய்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அதில் ஒரு யூனிட் மின்சாரமும் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. ஆடியில் தந்தது ஆடியிலேயே தீர்ந்தது. மாசியில் கேட்டபோது வாரியம் நிலக்கரியை எரித்தோ, வெளியில் வாங்கியோ ஈடு செய்தது. ஏட்டுவரவை இருப்பென்று நம்பியிருந்ததால் உண்மையான சேமிப்பின் அவசரம் நமக்கு உறைக்கவில்லை.

அணையும் மின்கலமும் ஆடிக் காற்றை மாசிவரை தாங்கமாட்டா. அவை தாங்குவது சில மணி நேரம். நண்பகல் வெயிலை முன்னிரவுக்கும், நள்ளிரவுக் காற்றைக் காலைப் பொழுதுக்கும் கொண்டுசேர்க்க அது போதும். கதிரவன் சாய்ந்தபின் விளக்கும் விசிறியும் ஆலையும் ஒருசேரக் கேட்கும் அந்த நான்கு மணி நேரமே இன்று நாம் திணறும் இடம்.

சேமிப்பின் அவசரம் பிறருக்கு விரைவில் உறைத்தது. 2016 செப்டம்பரில் புயலால் தன் பரப்பு முழுதும் இருண்டபின், தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் அடுத்த ஆண்டே ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் மின்கலத் தொகுதியை நிறுவியது. 2031-32இல் இந்தியாவுக்கு ஏறத்தாழ 41 கோடி யூனிட் கொள்ளளவுள்ள சேமிப்பு வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023இல் மதிப்பிட்டது. அதில் பாதிக்கு மேல் மின்கலங்களின் பங்கு.

வேண்டும் என்பதற்காக எங்கு வேண்டுமானாலும் அமைத்துவிடலாகாது. கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் 2025 சனவரியில் மின்கலக் கூடம் தீப்பற்றியபோது, அக்கம்பக்கத்து மக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீடுவிட்டு வெளியேற நேர்ந்தது. குடியிருப்புக்கும் கூடத்துக்கும் எவ்வளவு இடைவெளி, தீயணைப்போருக்கு என்ன பயிற்சி என்பவை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். நீலகிரியில் சில்லஹள்ளா நீரேற்று மின்திட்டத்தை எதிர்க்கும் மலைக்காய்கறி உழவரின் அச்சமும் அலட்சியத்துக்கு உரியதன்று. புதிய பள்ளத்தாக்கை மூழ்கடிக்கும் முன், இருக்கும் அணைகளுள் எவற்றை இணையாக்கலாம் என்பதை முற்ற ஆராய்வதே முறை.

இனிப் புதிதாக அனுமதி பெறும் ஒவ்வொரு காற்றாலைக்கும் சூரியப் பண்ணைக்கும் உரிய சேமிப்பு எங்கே என்பதை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முதலிலேயே கேட்க வேண்டும். நிறுத்திவைக்கப்பட்டதால் இழந்த மின்சாரம் எவ்வளவு என்பதை மாதந்தோறும் மக்கள் அறிய வெளியிட வேண்டும். குந்தாவின் நான்கு இயந்திரங்களும் முழுத்திறனில் சுழலும் நாள் எது என்பதை அரசு சட்டமன்றத்தில் எழுத்தில் வைக்கட்டும்.