மேகம் வந்தா லீவு

எல்.டி.சி. கிடைத்தால் ஆபீஸில் பாதிப் பேர் காசிக்குப் போவார்கள், மீதிப் பேர் மாமனார் ஊருக்குப் போய்விட்டு காசிக்குப் போனதாகச் சொல்வார்கள். நான் லடாக் போனேன். அதுவும் லே நகரத்தோடு நிற்காமல், அங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தென்கிழக்கே, சீன எல்லையை ஒட்டி இருக்கும் ஹன்லே என்ற கிராமத்துக்கு.

'அங்க என்னய்யா இருக்கு?' என்றார் மேனேஜர்.

'ஒண்ணும் இல்ல சார். அதைப் பார்க்கத்தான் போறேன்.'

லீவை சாங்ஷன் பண்ணிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நிஜமாகவே ஒன்றும் இல்லை. மரம் அபூர்வம். சுற்றிலும் மொட்டை மலை. ஆறு என்று ஒன்று ஓடுகிறது, பனி உருகினால் தண்ணீர். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 14,000 அடி. கணக்குப் புரியவில்லை என்றால், தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அறுபதுக்கு மேல் அடுக்குங்கள், உச்சியில் ஒரு குக்கிராமம். அங்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்துப் படி ஏறினாலே மூச்சு நம்மைக் கேட்காமல் கீழே இறங்கிவிடுகிறது.

தங்கிய வீட்டு அம்மாளை 'ஆமா-லே' என்று கூப்பிடச் சொன்னார்கள். லடாக்கியில் 'ஆமா' என்றால் அம்மா, 'லே' மரியாதைக்கு. திருநெல்வேலிக்காரர் யாராவது கூட வந்திருந்தால், கூப்பிட்ட குரலுக்கு 'என்னலே?' என்று பதில் வந்திருக்கும்.

நான் பாபநாசம் பக்கத்து ஆள். எங்கே போனாலும் ரெண்டு கிலோ பொன்னி அரிசி கூட வரும். முதல் நாள் ஆமா-லேயின் பாத்திரத்தில் உலை வைத்தேன். தளதளவென்று கொதிக்கிறது, அரிசி மட்டும் வேகவே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்தும் நறுக்கென்று கடிபட்டது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறதாம். அதற்கு மேல் எத்தனை எரித்தாலும் சூடு ஏறாது. நெல் விளைகிற ஜில்லாவிலிருந்து போய், சோறு வடிக்கத் தெரியாதவன் என்று பேர் வாங்கினேன். ஆமா-லே சிரித்துக்கொண்டே பிரஷர் குக்கரை எடுத்து நீட்டினார். அடுப்பில் எரிந்தது காய்ந்த சாணம். அதைப் பார்த்ததும்தான் கொஞ்சம் தைரியம் வந்தது. நம்ம வறட்டியேதான், மாடு மட்டும் வேற சாதி.

லடாக்கில் மழையும் பனியும் சேர்த்தே வருஷத்துக்கு நூறு மில்லிமீட்டர் வாக்கில்தான். ஐப்பசியில் நம்ம ஊரில் அதை ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டு, 'இன்னும் வேணுமா?' என்று கேட்கும். ஆனால், ஹன்லேக்குப் பெருமையே அந்த வறட்சிதான். மேகம் இல்லை, தூசி இல்லை, காற்றில் ஈரம் இல்லை. அதனால்தான் பெங்களூரிலிருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம் தேடிப் பிடித்து, அங்கே குன்றின் மேல் இரண்டு மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கியை வைத்தது. 2001-லிருந்து நட்சத்திரம் பார்க்கிறது. இயக்குகிறவர்கள் பெங்களூரை அடுத்த ஹொஸகோட்டேயில், சாட்டிலைட் வழியாக. அங்கே பட்டனைத் தட்டினால் இமயமலையில் மூடி திறக்கிறது. அதே கர்நாடகத்திலிருந்து மேட்டூருக்கு ஒரு மதகு திறக்க நாம் எத்தனை கோர்ட்டு ஏறினோம்!

தொலைநோக்கிக்குப் பேர் சந்திரா. நோபல் பரிசு வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர் ஞாபகமாக. சி.வி.ராமனுக்கு அண்ணன் பிள்ளை. அந்தக் குடும்பத்துக்குப் பூர்வீகம் நம்ம தஞ்சாவூர் ஜில்லாதான். எங்கே நட்ட நாற்று எங்கே போய்ப் பயிராகியிருக்கிறது பாருங்கள்.

மேகம் வந்தால் தொலைநோக்கிக்கு லீவு. வானத்தைப் பார்த்து 'ஐயோ, கறுக்குதே' என்று வருத்தப்படுகிற மனிதர்களை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். எங்கப்பா ஆயுசு பூராவும் திண்ணையில் உட்கார்ந்து மேற்கே பார்த்து, 'கறுக்க மாட்டேங்குதே' என்று வருத்தப்பட்டவர்.

2022-ல் ஹன்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டரை 'இருள் வான் காப்பகம்' என்று அறிவித்துவிட்டார்கள். புலிக்குக் காப்பகம் கேள்விப்பட்டிருக்கிறோம், இது இருட்டுக்கு. ராத்திரியில் ஜன்னலுக்குக் கனத்த திரை போடவேண்டும். தெரு விளக்குக்கு மூடி. வண்டிக்காரர் ஹெட்லைட்டைத் தழைத்துத்தான் ஓட்டவேண்டும்.

'உங்களுக்குக் கஷ்டமில்லையா?' என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். (எனக்குத் தெரிந்த இந்தி என்பது ஐந்து வார்த்தையும் நிறைய கையசைப்பும்.)

ஆமா-லே பதில் சொல்லாமல் மகளைக் கூப்பிட்டார். அந்தப் பெண் வாசலில் ஒரு தொலைநோக்கியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஊர்க்காரர்கள் இருபது பேருக்கு மேல் இப்படிப் பயிற்சி கொடுத்து, கையில் தொலைநோக்கியும் கொடுத்திருக்கிறார்கள். வருகிற டூரிஸ்டுக்கு வானத்தைக் காட்டலாம், காசு வாங்கிக்கொள்ளலாம். எனக்கு சனியின் வளையத்தைக் காட்டினாள். பால்வீதி தலைக்கு மேலே, கை நீட்டினால் ஒட்டிக்கொள்ளும் போல. எனக்கு ராகுவும் கேதுவும்கூடத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

'விளக்கைக் குறைச்சோம், வானத்தைக் குடுத்தாங்க' என்றாள் அந்தப் பெண். 'ஆனா, படிச்ச பசங்க இன்னும் லேவுக்குத்தான் போறாங்க' என்றும் சேர்த்துக்கொண்டாள்.

எனக்கு 2020 பிப்ரவரி ஞாபகம் வந்தது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்ட மாதம். இனிமேல் புதுசாக எண்ணெய்க்கு, எரிவாயுவுக்குத் துளை போட முடியாது என்று ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான். சட்டம் வேண்டும் என்று போராடியவர்களில் எங்கள் தெருக்காரர்களும் உண்டு. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, 'நெலத்தைக் காப்பாத்திட்டாங்க, சரி. நெல்லு போடறவனை என்னடா பண்ணப் போறாங்க?' என்றார். அந்த வருஷம், எட்டு வருஷத்துக்கு அப்புறம் மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தது. குறுவை போட்டோம். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைக்காததற்கு நானே சாட்சி. நாற்றங்காலில் நிற்க வேண்டியவன் ஆபீஸில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரை அப்படியே வைத்திரு என்று சொன்னால், வைத்திருக்கிறவனுக்கு என்ன? ஹன்லேயில் ஒரு தொலைநோக்கி கொடுத்திருக்கிறார்கள். அது போதுமா என்று அந்தப் பெண்ணே சந்தேகப்படுகிறாள். நமக்கு என்ன கொடுத்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டால், வசவு விழும்.

கடைசி நாள் ராத்திரி சிக்னல் கிடைத்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

'அங்க மழை உண்டாடா?'

'மேகமே கிடையாதுப்பா. நட்சத்திரம் கொட்டிக் கிடக்கு.'

'நட்சத்திரத்தை வெச்சு நாத்து விடறதா? இங்க மேக்கால நல்லா கறுத்திருக்கு. வரும்போல.'

குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பேச்சு சுவாரஸ்யத்தில் செல்போன் டார்ச்சைப் போட்டபடியே நின்றிருந்தேன் போலிருக்கிறது. ஆமா-லே ஓடிவந்து, என்னைத் தள்ளிவிட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.