கைப்பேசி இருக்க வானொலி எதற்கு?

இவ்வாறு கேட்போர் நம் பங்குகளிலும் உளர். 2023 டிசம்பர் 18 அன்று அவர்கள் ஏரலில் இருந்திருக்க வேண்டும். தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது, பாலத்தை ஒட்டிய சாலை அரித்துச் செல்லப்பட்டது, மின்சாரம் நின்றது, நம் கைகளில் இருந்த கருவிகள் ஊமையாயின. அக்கரை உறவினர் உயிரோடு உளரா என்றறியவும் வழியில்லை.

பாம்பன் மீனவர் இத்தேவையை முன்பே உணர்ந்தனர். 2016 ஆகஸ்ட் 15 அன்று அங்கே பிறந்த 'கடல் ஓசை' சமுதாய வானொலி, 90.4 அலைவரிசையில், காற்றையும் அலையின் உயரத்தையும் கடற்கரைத் தமிழிலேயே சொல்லத் தொடங்கியது. படகில் ஒரு சிறு வானொலிப் பெட்டி போதும், கட்டணமும் இல்லை.

வானலைகள் பொதுமக்கள் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் தொண்டு நிறுவனங்களுக்குக் கதவு திறக்க 2006 வரை ஆயிற்று. திறந்த கதவிலும் ஒரு பூட்டு! சமுதாய வானொலி தானாகச் செய்தி சொல்லலாகாது. ஆகாசவாணிச் செய்தியை அப்படியேயோ உள்ளூர் மொழியில் பெயர்த்தோ ஒலிபரப்பலாம், அவ்வளவே. புயல், வெள்ள அறிவிப்புக்குத் தடையில்லை என்பது மெய்தான். ஆனால் இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற மீனவனைப் பற்றி அவனது ஊர் வானொலியே விசாரித்துச் செய்தி சொல்லக் கூடாதாம். நாளேட்டுக்கு உள்ள உரிமை மீனவனின் வாய்க்கு ஏன் இல்லை?

நமக்கு வானொலி வேண்டுவது செபமாலை ஒலிபரப்ப அன்று. அதற்கு ஆலயம் இருக்கிறது. திருவிழா ஒலிபெருக்கிக்குப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் நாம், இந்தப் பூட்டை எதிர்த்து ஒரு மனுவேனும் எழுதினோமா?