இரத்தத்தின் புளிப்பும் புட்டித் தண்ணீர்ப் புரட்டும்

இப்போது பட்டணங்களில் மாத்திரமல்லாமல் சிற்றூர்களிலுங்கூட "ஆல்கலைன் தண்ணீர்" என்பதாக ஒரு சரக்கு விற்கப்பட்டு வருகிறது. புட்டியிலும் விற்கிறார்கள், லட்சம் ரூபாய்க்கு மேல் விலை சொல்லி இயந்திரமாகவும் விற்கிறார்கள். "வியாதிகளுக்கெல்லாம் காரணம் இரத்தத்தில் சேரும் புளிப்பு, புளித்த இரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது, எங்கள் தண்ணீரைக் குடித்தால் இரத்தம் காரமாகிப் பிராணவாயு பெருகும்" என்பது இவர்களுடைய மந்திரம். தாயத்து விற்றவன் கிரகத்தின் பேரைச் சொன்னான். இவன் விஞ்ஞானத்தின் பேரைச் சொல்லுகிறான். வேறு வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை.

புளிப்பையும் காரத்தையும் அளக்க ஒரு அளவு உண்டு. அதில் 7 நடு. கீழே புளிப்பு, மேலே காரம். (மிளகாய்க் காரமல்ல, சுண்ணாம்பு, சோடா உப்பு இவற்றின் காரம்.) சுகமாயிருப்பவனுடைய இரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. அதாவது எவனுடைய புட்டியும் இல்லாமலேயே அது சற்றுக் காரமாகத்தான் இருக்கிறது. நுரையீரலும் சிறுநீரகமும் அதை ஓயாமல் காத்து வருகின்றன. குடித்த தண்ணீரின் காரமோ இரைப்பையிலுள்ள திராவகத்தில் பட்ட மாத்திரத்திலேயே தீர்ந்துபோகிறது.

நிற்க, பிராணவாயுவுக்குப் புளிப்பு பகை என்பதுதான் இதிலுள்ள பெரும் புரட்டு. 1904-ல் டென்மார்க் தேசத்துக் கோபன்ஹேகன் நகரில் கிறிஸ்டியன் போர் என்பவரும் அவருடைய சகாக்கள் இருவரும் கண்டு வெளியிட்டது இதற்கு நேர் விரோதமானது. கரியமில வாயு மிகுந்தால் இரத்தம் பிராணவாயுவை எளிதில் விட்டுவிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். ஏன்? ஏர் பிடிக்கிறவனுடைய தொடைச் சதை வேலை செய்யும்போது கரியமில வாயு உண்டாகி, இரத்தத்தில் கரைந்து, அவ்விடத்தைச் சற்றுப் புளிப்பாக்குகிறது. அந்தப் புளிப்பு ஹீமோகுளோபினில் ஒட்டியதும் அதன் பிடி தளர்ந்து பிராணவாயு சதைக்குள் இறங்குகிறது. நுரையீரலில் கரியமில வாயு வெளியேறியதும் புளிப்புக் குறைந்து பிடி மறுபடி இறுகிப் புதுச் சுமை ஏறுகிறது. எங்கே வேலை அதிகமோ அங்கே புளிப்பு அதிகம். எங்கே புளிப்போ அங்கே பிராணவாயு அதிகமாய் இறங்கும்.

இரத்தத்தைக் காரமாக்கினால் அதிகமாய்ச் சுமக்காதா என்று ஒருவர் கேட்கலாம். நுரையீரலை விட்டுப் புறப்படும்போதே நூற்றுக்குச் சுமார் 97 பங்கு நிரம்பித்தான் புறப்படுகிறது. இனி ஏற்ற இடமேது? சும்மா உட்கார்ந்திருப்பவன் உடம்பில் சுமார் 75 பங்கு இறக்கப்படாமலேயே திரும்பி வருகிறது. ஆகவே சங்கடமெல்லாம் ஏற்றுவதில் அல்ல, இறக்குவதில் இருக்கிறது. மூட்டையை வாசல் வரையில் கொண்டுவந்து இறக்காமல் திரும்புகிற கூலியாளால் அந்த வீட்டில் உலை கொதிக்குமா என்று கேட்கிறோம்.

மூச்சு முட்டப் பலூன் ஊதும் பிள்ளைக்குத் தலை கிறுகிறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அளவு மீறிக் கரியமில வாயு வெளியேறி இரத்தம் காரமாகிறது. மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்குகின்றன. ஹீமோகுளோபினும் இறுக்கிப் பிடிக்கிறது. இவர்கள் காசுக்கு விற்கும் பாக்கியம் இதுவே!

இரத்தம் மெய்யாகவே அளவு மீறிப் புளித்துப்போவதும் உண்டு. நீரிழிவு கட்டுக்கடங்காதபோது அது நேர்ந்து உயிரையே கொண்டுபோகும். அதற்கு வேண்டியது ஆஸ்பத்திரியும் இன்சுலினும். அந்நேரத்தில் புட்டியை நம்பி வீட்டில் படுத்திருப்பவன் கதி என்ன?

அமெரிக்காவில் ராபர்ட் யங் என்பவர் இந்தப் புளிப்புக் கதையைப் புத்தகங்களாக எழுதிப் பேர் பெற்றார். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்ததாக 2016-ல் அவர் குற்றவாளியென்று தீர்ப்பாயிற்று. புற்றுநோய் கொண்ட ஒரு பெண்மணி அவர் பேச்சை நம்பி ஆஸ்பத்திரிச் சிகிச்சையை விட்டுவிட்டு, சோடா உப்புத் தண்ணீரை நரம்பில் ஏற்றிக்கொண்டார். 2018-ல் ஜூரிகள் அவருக்கு 10 கோடியே 50 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குள் நோய் நான்காம் கட்டத்தை அடைந்துவிட்டிருந்தது.