மோட்டார் கடைசியில் தான்!



ரிமோட் கன்ட்ரோல் கார் என்றால், உங்களுக்குக் கொள்ளை ஆசை. பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், அதைத் தான் முதலில் சொல்வீர்கள். கடையில் வாங்கிய கார், ஒரு வாரம் வீடு முழுக்க ஓடும். அப்புறம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அது எப்படி ஓடியது, ஏன் நின்றது என்று நமக்குத் தெரியாது.

அதே வண்டியை, விளையாட்டுக் கட்டைகளால் நீங்களே செய்தால் எப்படி இருக்கும்? அதுவும் கல், மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் ஏறி இறங்கும் லாரியாகச் செய்தால்? செய்யலாம். ஆனால், இதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. மோட்டாரைக் கடைசியில் தான் மாட்ட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் கட்டையின் கதை. டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே, ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர், 1932ல் மர பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1934ல் தன் தொழிலுக்கு, 'லெகோ' என்று பெயர் வைத்தார். டேனிஷ் மொழியில், 'நன்றாக விளையாடு' என்று பொருள் தரும் இரண்டு சொற்களைச் சேர்த்து உண்டான பெயர் அது. ஒன்றோடு ஒன்று இறுக மாட்டிக் கொள்ளும் இன்றைய பிளாஸ்டிக் கட்டைக்கு, 1958ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தனர். பற்சக்கரம், அச்சு எல்லாம் வைத்துச் செய்யும், 'டெக்னிக்' வகை, 1977ல் வந்தது.

அந்த வகையில், 2012ல், 'ஃபோர் பை ஃபோர் கிராலர்' என்று ஒரு வண்டி வந்தது. மொத்தம் 1,327 துண்டுகள். ஓட்டுவதற்கு இரண்டு பெரிய மோட்டார். திருப்புவதற்கு ஒரு மோட்டார். நான்கு சக்கரங்களும் இழுக்கும். கையில் ரிமோட். 2019ல் வந்த இன்னொரு வண்டியில், 958 துண்டுகள். அதை மொபைல் போனாலேயே ஓட்டலாம்.

இதைப் படித்ததும், உங்கள் கண் மோட்டாருக்கும், ரிமோட்டுக்கும் தான் போயிருக்கும். வண்டியின் உயிர் அங்கே இல்லை. சக்கரத்துக்கும், உடம்புக்கும் நடுவில் இருக்கும் சஸ்பென்ஷனில் இருக்கிறது.

சக்கரம் தரையை விடக் கூடாது!

மூன்று கால் முக்காலியை மேடு பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். ஆடாமல் நிற்கும். நான்கு கால் நாற்காலியை வையுங்கள். ஒரு கால் அந்தரத்தில் நிற்கும், உட்கார்ந்தால் ஆடும். நான்கு சக்கர வண்டிக்கும் இதே கதி தான். ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறினால், இன்னொரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக் கொள்ளும்.

தூக்கினால் என்ன என்கிறீர்களா? வண்டி வளைவில் திரும்பும் போது, வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காக, 'டிஃபரென்ஷியல்' என்ற பற்சக்கர அமைப்பை வைப்பர். சாலையில் அது நல்ல பிள்ளை. ஆனால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அது மட்டும் சும்மா கிர்ரென்று சுற்றும். தரையில் இருக்கும் அதன் ஜோடிச் சக்கரம் அசையாது. எவ்வளவு பெரிய மோட்டார் இருந்தும் பயனில்லை.

ஆகவே, நான்கு சக்கரமும் எப்போதும் தரையைத் தொட வேண்டும். அதற்கு எளிய வழி ஒன்று, வயலிலேயே இருக்கிறது. டிராக்டரின் முன் பக்கம் குனிந்து பாருங்கள். முன் அச்சு நடுவில் ஒரு முளையில் மாட்டியிருக்கும். தராசுத் தண்டு போல, இடம் வலமாக ஏறி இறங்கும். ஸ்பிரிங்கே வேண்டாம். உங்கள் லாரியின் முன் அச்சையும் இப்படியே நடுவில் மாட்டலாம்.

இதையே நம் நிலவு வண்டியிலும் காணலாம். 2023 ஆகஸ்டில் சந்திரயான் 3 இறங்கிய பின், நிலவில் உருண்ட பிரக்யான் வண்டிக்கு ஆறு சக்கரங்கள். அவற்றைத் தாங்கியவை, மேலும் கீழும் ஆடும் கைகள் தான். ஸ்பிரிங் கிடையாது!

கைக்குத் தெரிவது!

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். முதலிலேயே மோட்டாரை மாட்டினால், தவறு எங்கே என்று தெரியாது. அச்சு இறுகியிருந்தாலும், மோட்டார் முறுக்கித் தள்ளப் பார்க்கும். பிளாஸ்டிக் அச்சு முறுக்கிக் கொள்ளும். பற்கள் 'கடகட'வென்று நழுவும். உடனே, 'மோட்டார் சரியில்லை. பெரிய மோட்டார் வாங்கிக் கொடுங்கள்' என்று அப்பாவை நச்சரிப்பீர்கள்.

கையால் தள்ளினால் கதையே வேறு. எங்கே உரசுகிறது, எங்கே இறுகுகிறது என்பதை விரல் உடனே சொல்லி விடும்.

அதனால், இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில், சட்டமும், அச்சும், சக்கரமும் மட்டும். சும்மா தள்ளிப் பாருங்கள். ஒரு தட்டு தட்டினால், கொஞ்ச தூரம் தானாக உருள வேண்டும்.

அடுத்து, நோட்டுப் புத்தகச் சோதனை. ஒரு சக்கரத்தின் அடியில் ஒரு நோட்டை வையுங்கள். மற்ற மூன்று சக்கரங்களின் அடியிலும், ஒரு காகிதத் துண்டைச் செருகி இழுங்கள். காகிதம் சுலபமாக வந்து விட்டால், அந்தச் சக்கரம் பாரம் தாங்கவில்லை என்று அர்த்தம். இன்னொரு நோட்டை ஏற்றுங்கள். எத்தனை நோட்டு வரை தாங்குகிறது என்று எழுதி வையுங்கள்.

மூன்றாவதாக, ஸ்பிரிங். பேட்டரிப் பெட்டியை உள்ளே வைத்து விட்டுத் தான் ஸ்பிரிங்கைச் சோதிக்க வேண்டும். ஆறு பென்சில் பேட்டரி போட்டால், வண்டியின் எடை நன்றாகக் கூடி விடும். ஸ்பிரிங் மிகக் கடினமாக இருந்தால், அசையவே அசையாது. மிக மென்மையாக இருந்தால், வண்டி வயிறு தரையில் தட்டும். பேட்டரியைக் கீழே, தாழ்வாக வையுங்கள். உயரத்தில் வைத்தால், சரிவில் ஏறும் போது வண்டி குட்டிக்கரணம் அடிக்கும்.

நான்காவதாக, பற்சக்கரம். 8 பல் சக்கரம், 24 பல் சக்கரத்தைச் சுற்றினால், சின்னது மூன்று முறை சுற்றும் போது, பெரியது ஒரு முறை சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். திருப்பும் விசை ஏறக்குறைய மூன்று மடங்காகும். கல் மேல் ஏற வேகம் உதவாது; விசை தான் உதவும். இதையும் முதலில் கையால் சுற்றிப் பாருங்கள்.

இவ்வளவும் சரியான பிறகு மோட்டார். அதற்கும் பிறகு ரிமோட்.

'படிப்பு கெட்டு விடுமே!'

வீட்டில் பெரியவர்கள் இப்படிச் சொல்லலாம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. புவியீர்ப்பு மையம், உராய்வு, நெம்புகோல் எல்லாம் பாடப் புத்தகத்தில் இருப்பவை தான். வரையறையை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளை, வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். 'மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஏன் சாய்கிறது?' என்று கேட்டால் விழிப்பர். சரிவில் தன் லாரி கவிழ்ந்து, பேட்டரியைக் கீழே இறக்கி வைத்த பிள்ளை, அந்தப் பாடத்தை ஆயுளுக்கும் மறக்காது.

'இந்தக் கட்டைகள் விலை அதிகமாயிற்றே?' என்பது நியாயமான கேள்வி. எல்லா வீட்டிலும் வாங்க முடியாது. வாங்க முடியவில்லை என்று வருந்தவும் வேண்டாம். நான்கு நண்பர்கள் சேர்ந்து, இருப்பதை ஒன்றாகக் கொட்டிச் செய்யலாம். அதுவும் இல்லையா? கெட்டி அட்டை, ஐஸ் குச்சி, பாட்டில் மூடி, தீர்ந்து போன பேனாவின் ஸ்பிரிங் போதும். நடுவில் ஆடும் அச்சும், நோட்டுப் புத்தகச் சோதனையும் அதற்கும் பொருந்தும். மோட்டார் கடைசியில் தானே? அதனால், இல்லாதவர்களும் முக்கால்வாசி வேலையைச் செய்து விடலாம்!

ஒரு எச்சரிக்கை: சின்னத் துண்டுகளைத் தம்பி, தங்கைப் பாப்பாக்கள் வாயில் போட்டுக் கொள்ளாமல் பாருங்கள். பழைய பேட்டரியோடு புதியதைக் கலந்து போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. செய்து முடித்த லாரியை, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். செட்டோடு வரும் படப் புத்தகத்தைப் பார்த்து ஒரு முறை செய்யுங்கள். பிறகு முழுவதும் கழற்றி, புத்தகத்தை மூடி வைத்து, உங்கள் யோசனையில் இன்னொன்று செய்யுங்கள். அது முதல் லாரியை விட அழகு குறைவாக இருக்கலாம். ஆனால், அதில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கே, அந்த நோட்டுப் புத்தகத்தை எடுங்கள் பார்க்கலாம்! உங்கள் லாரி எத்தனை நோட்டு ஏறுகிறது?