டெண்டர் ஷரத்துகளும் சர்க்கார் வியாக்கியானமும்

மேற்கு வங்காளத்தில் ஒரு சாலையை உபயோகிப்போரிடம் கட்டணம் வசூலிக்கும் உரிமையை 1,095 நாட்களுக்குக் கொடுப்பதற்காக அந்த ராஜ்ய சர்க்கார் டெண்டர் கோரியிருந்தது. கேட்டவர்களில் ஒருவர், தொகை எழுத வேண்டிய கட்டத்தில் 9,72,999 ரூபாய் என்று எழுதினார். டெண்டர்கள் திறக்கப்பட்டபோது வேறொருவர் கேட்டிருந்த 91 கோடியே 19 லக்ஷம் ரூபாயே உச்சத் தொகை என்று தெரிந்தது. தாம் எழுதியது ஒரு நாளைக்குரிய தொகையென்றும், முழுக் காலத்துக்கும் கணக்கிட்டால் அது 106 கோடியே 54 லக்ஷத்துக்கு மேற்பட்டதாகுமென்றும் முன்னவர் வாதித்தார். கல்கத்தா ஹைகோர்ட் அவருக்கு இடங்கொடுத்தது. 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் அவ்வுத்தரவை ரத்து செய்துவிட்டது.

இத்தீர்ப்பினால் சர்க்கார் பொக்கிஷத்துக்குச் சுமார் 15 கோடி ரூபாய் வருமானம் போயிற்று என்று சிலர் வருந்தக்கூடும். தீர்ப்பு சரியானதே என்பது நமது அபிப்பிராயம். பிறருடைய தொகையைப் பார்த்த பிறகு தன் தொகையைத் திருத்தலாமென்றால், மூடி முத்திரையிட்டுக் கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது? கேட்பவர் கவனமின்றி எழுதினால் அதன் பலனை அவரே அநுபவிக்க வேண்டியதுதான்.

நாம் கேட்பது வேறு. டெண்டர் கேட்பவர் தெளிவின்றி எழுதினால் இவ்வளவு கண்டிப்பாக நடத்தப்படுகிறார். டெண்டர் கோரும் சர்க்கார் தெளிவின்றி எழுதினால் என்ன நேருகிறது? சர்க்காருக்கு ஒன்றும் நேருவதில்லை. அந்தத் தெளிவின்மையே உத்தியோகஸ்தர் கையில் ஒரு சௌகரியமான ஆயுதமாகி விடுகிறது.

நாகபுரி மெட்ரோ ரயில் வழக்கை எடுத்துக்கொள்வோம். முன்பே 'மெட்ரோ' நிர்மாண வேலை செய்த அநுபவம் வேண்டுமென்று டெண்டரில் ஒரு ஷரத்து இருந்தது. சீன தேசத்தில் ரயில் பாதை அமைத்த ஒரு கம்பெனியின் அநுபவம் இந்தச் சொல்லுக்குள் அடங்குமா, அடங்காதா என்று தகராறு கிளம்பிற்று. அடங்கும் என்றது பம்பாய் ஹைகோர்ட். 2016-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது என்ன? டெண்டர் பத்திரத்தை எழுதியவரே அதன் பொருளை நன்கறிந்தவர். துர்நோக்கமோ வக்கிரமான வியாக்கியானமோ இல்லாதவரை அவர் சொல்லும் பொருளையே நியாயஸ்தலங்கள் ஏற்கவேண்டும் என்றது. 2022-ல் நவோதய வித்தியாலய சமிதி 'டாப்லெட்' கருவிகள் வாங்கக் கோரிய டெண்டரிலும் இதே கதைதான். 'அதே அல்லது அதையொத்த' சாமான்களை முன்பு சப்ளை செய்தவராக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஸ்மார்ட்போன் டாப்லெட்டை ஒத்ததா? ஒத்ததே என்றது டில்லி ஹைகோர்ட். கோரியவர் இல்லையென்று கருதினால் இல்லைதான் என்று முடித்தது சுப்ரீம் கோர்ட்.

இவ்விதியின் பலனை முழுவதும் அறிய வேண்டுமானால் வேறு இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். காசியிலிருந்த டீசல் ரயில் என்ஜின் தொழிற்சாலையின் டெண்டரில், முன்பணத்தை ரொக்கமாகவோ ஸ்டேட் பாங்க் டிராப்டாகவோ செலுத்தவேண்டும் என்றிருந்தது. ஒருவர் யூனியன் பாங்கின் செக்கை அனுப்பினார். அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். இது சிறு குறை, மன்னிக்கலாம் என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சென்ட்ரல் கோல்பீல்ட்ஸ் என்ற நிலக்கரி ஸ்தாபனத்தின் டெண்டரில் ஒருவர் பாங்க் காரண்டியைக் குறிப்பிட்ட படிவத்தில் கொடாமல் வேறு படிவத்தில் கொடுத்தார். அதிகாரிகள் தள்ளிவிட்டார்கள். தள்ளியது சரியே என்று 2016-ல் அதே நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. இரு குறைகளும் ஏறக்குறைய ஒரே ஜாதி. ஒன்று மன்னிக்கப்பட்டது, மற்றொன்று தண்டிக்கப்பட்டது. இரண்டிலும் ஜயித்தது அதிகாரியின் விருப்பமே. எந்த நிபந்தனை பிரதானம், எது அற்பம் என்பது உறைகள் திறக்கப்பட்ட பிறகு, யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, நிர்ணயிக்கப்படுகிறது. இதைவிட அபாயகரமான அதிகாரம் வேறென்ன இருக்கக்கூடும்?

எதிர்த்தரப்பில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று நாம் கூற வரவில்லை. தோற்றவரெல்லாம் கோர்ட்டுக்கு ஓடித் தடையுத்தரவு வாங்கினால் பாலமும் ரயிலும் பல வருஷங்கள் காகிதத்திலேயே கிடக்கும். அதனால்தான் 2018-ல் குறித்த பரிகாரச் சட்டத்தைத் திருத்தி, அத்தகைய வேலைகளுக்குத் தடைவிதிக்கும் அதிகாரத்தைக் குறுக்கினார்கள். அது இருக்கட்டும். ஆனால் தடையுத்தரவு கூடாது என்பதற்கும், எழுதியவர் சொன்னதே பொருள் என்பதற்கும் சம்பந்தமில்லை. இன்ஷ்யூரன்ஸ் பாலிசியில் இரு பொருள்படும் வாசகம் இருந்தால் அதை எழுதிய கம்பெனிக்கு விரோதமாகவே கொள்ளவேண்டும் என்று இதே கோர்ட்டுகள் ஓயாமல் தீர்ப்பளித்து வருகின்றன. பிரஜைகளின் பணத்தைச் செலவிடும் சர்க்காருக்கு மட்டும் ஏன் விசேஷ சலுகை? டெண்டர் பத்திரம் இருபொருளுக்கு இடமின்றி, எளிய நடையில், பூரணமாக இருக்கவேண்டும் என்று மத்திய சர்க்காரின் 2017-ம் வருஷத்திய பொது நிதி விதிகளில் 173-வது விதி சொல்லுகிறது. அதை மீறிய அதிகாரிக்கு அந்த மீறலே லாபமாக முடிவது விந்தையல்லவா?

நஷ்டமடைபவர் யார் என்பதையும் யோசிக்கவேண்டும். பெரிய கண்டிராக்டர் காரியாலயத்துக்குள் நுழைந்து, 'இந்த ஷரத்துக்கு நீங்கள் என்ன பொருள் கொள்கிறீர்கள்?' என்று கேட்டு அறிந்துகொள்வார். ஜில்லாவிலிருந்து கேட்கும் சிறு கண்டிராக்டர் சந்தேகத்துடன் கேட்டுத் தள்ளப்படுவார், அல்லது சந்தேகத்துக்கும் சேர்த்து விலையை உயர்த்துவார். பிந்தியதைக் கொடுப்பவன் வரி செலுத்துகிறவன். கேட்காமலே நின்றுவிடுகிறவர்களும் உண்டு. பம்பாய் விமான நிலையத்தில் சிற்றுண்டிச்சாலை நடத்தும் கண்டிராக்டு பற்றிய 1979-ம் வருஷத் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டே இவர்களை நினைவுகூர்ந்தது. ஐந்து வருஷ அநுபவமுள்ள ஹோட்டல்காரர் வேண்டுமென்று விளம்பரம் செய்துவிட்டு, அந்த யோக்கியதை இல்லாதவருக்குக் கொடுத்தது தவறு. நிபந்தனை தளரக்கூடியது என்று முன்பே தெரிந்திருந்தால் வேறு பலரும் கேட்டிருப்பார்கள் என்றது. (ஆயினும் அந்தக் கண்டிராக்டு ரத்தாகவில்லை; வழக்காடியவர் தாமதித்து வந்தார் என்பது ஒரு காரணம்.)

அமெரிக்காவில் இதற்கொரு வழி வகுத்திருக்கிறார்கள். பத்திரத்திலுள்ள குழப்பம் பார்த்த மாத்திரத்தில் தெரியக்கூடியதாயின், கேட்பவர் கெடுவுக்கு முன்பே ஆக்ஷேபிக்கவேண்டும். மௌனமாயிருந்துவிட்டுத் தோற்றபின் புகார் செய்ய முடியாது. அல்கட்ராஸ் தீவுக்குப் படகு விடும் கண்டிராக்டைப் பற்றிய வழக்கில் 2007-ல் இது உறுதிப்பட்டது. மறைந்திருக்கும் குழப்பமாயின், எழுதிய சர்க்காருக்கு விரோதமாகப் பொருள் கொள்ளப்படும். புகார்களைக் காங்கிரஸைச் சேர்ந்த தணிக்கை ஸ்தாபனம் 100 நாட்களுக்குள் தீர்க்கவேண்டும். இருதரப்புக்கும் பொறுப்பு, காலதாமதமும் இல்லை.

நம் தமிழ்நாட்டில் 1998-ம் வருஷத்திய டெண்டர் வெளிப்படைச் சட்டப்படி, தள்ளப்பட்டவர் சர்க்காரிடமே அப்பீல் செய்துகொள்ள வேண்டும். வேலிக்கு ஓணான் சாட்சி என்பது இதுதான். மத்திய சர்க்காரில் இது சம்பந்தமாக ஒரு தனிச் சட்டமே இல்லை. 2012-ல் பொதுக் கொள்முதல் மசோதா லோக்சபையில் கொண்டுவரப்பட்டது. டெண்டர் புகார்களை விசாரிக்கத் தனிக் கமிட்டிகள் அமைப்பதற்கு அதில் ஏற்பாடு இருந்தது. 2014-ல் அந்தச் சபையின் ஆயுளோடு மசோதாவும் மடிந்தது. அத்தகைய சட்டம் வேண்டுமா என்று பார்லிமெண்டு யோசிக்கவேண்டும் என 2015-ம் வருஷ பட்ஜெட் பிரசங்கத்தில் நிதி மந்திரி ஜேட்லி கூறினார். பிறகு கைநூல்களும் சுற்றறிக்கைகளும் வந்தன, சட்டம் வரவில்லை. மசோதா முழுவதையும் உயிர்ப்பிக்க மனமில்லையென்றாலும், அந்தக் கமிட்டிகளைப் பற்றிய பகுதியையாவது பிரித்தெடுத்து நிறைவேற்றலாம். கேள்விகளுக்கு எழுத்து மூலம் எல்லோரும் காணப் பதிலளிக்கவேண்டும், அந்தப் பதில் சர்க்காரைக் கட்டுப்படுத்தும், பதிலளிக்காத சந்தேகம் சர்க்காருக்கு விரோதமாகக் கொள்ளப்படும் என்ற மூன்று வாக்கியங்களை அதனுடன் சேர்த்தால் போதும். தமிழ்நாட்டுச் சட்டசபை இதற்காக டில்லியை எதிர்பார்த்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 1998-ம் வருஷச் சட்டம் அது இயற்றியதுதான்.