ஊரைக் காட்டாதீர்கள்; கடைக்கு அனுப்புங்கள்



எங்கள் குடும்பம் ஆரணியிலிருந்து திருப்பருத்திக்குன்றத்திற்குக் குடிவந்தபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். ஆரணியும் பட்டு நெய்யும் ஊர்தான். ஆதலால் தறிச் சத்தம் எனக்குப் புதிதல்ல. மற்றவை யாவும் புதியவை. வந்த முதல் ஞாயிறன்றே அப்பா எங்களுக்கு ஊரைக் காட்டக் கிளம்பினார். எங்கள் ஊரிலேயே உள்ள சமணர் கோயிலில் தொடங்கினோம். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டிய மண்டபத்தின் கூரையில் தீர்த்தங்கரர் வரலாற்று ஓவியங்கள் இருக்கின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். பிறகு கைலாசநாதர், ஏகாம்பரநாதர், வரதராஜர். மாலை வீடு திரும்பியபோது எனக்குப் பல்லவர் முதல் விஜயநகரம் வரை தெரிந்திருந்தது. எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியவில்லை.

ஒரு மாதம் கழிந்தது. கால்வலியால் நடமாட முடியாத எதிர்வீட்டு அத்தை ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, பத்து ரூபாயைக் கையில் வைத்து, "கண்ணு, கறிவேப்பிலை வாங்கி வா" என்றார்கள். கடைக்காரர், "யார் வீட்டுப் பெண்?" என்று கேட்டார். நான், "எதிர்வீட்டு அத்தை அனுப்பினார்கள்" என்றேன். "எந்த வீட்டுக்கு எதிர்வீடு?" என்று அவர் கேட்க, கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றுதான் அத்தையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மறுவாரம் அதே கடைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கோயில்களைக் கண்டு வராத ஒரு தைரியம், கறிவேப்பிலை வாங்கியதில் எனக்கு வந்தது.

இதை நான் வேடிக்கைக்காக எழுதவில்லை. சென்ற ஆண்டு எங்கள் வகுப்பிற்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவளுடைய தந்தைக்கு ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. முதல் நாளே அவளை எல்லோர் முன்னும் நிறுத்தி, தன்னைப் பற்றிப் பேசச் சொன்னோம். அன்பினால் செய்ததுதான். ஆனால் புதியவளை நாற்பது பேர் உற்றுப் பார்ப்பது அன்பாகவா தோன்றும்? கணக்கு வகுப்பில் அவள், "பைய சொல்லுங்க டீச்சர்" என்றாள். மெதுவாகச் சொல்லுங்கள் என்று பொருள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதன்பின் பல நாள், "பைய நட", "பைய சாப்பிடு" என்று அவளைச் சீண்டியவர்களுள் நானும் ஒருத்தி. பிறகுதான் தமிழாசிரியை, 'பைய' என்பது திருக்குறளிலேயே உள்ள சொல் என்று காட்டினார்கள். 'குறிப்பறிதல்' என்ற அதிகாரத்தில் வருகிறதாம். குறிப்பறியாதவர்கள் நாங்கள்தாம். அவள் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவில்லை. பாட்டி வீட்டிலிருந்தே படிக்கப் போய்விட்டாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

காஞ்சிக்குப் புதியவர்கள் வருவது இன்று நேற்று நிகழ்வதன்று. தறியை நம்பித் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் பல தலைமுறைகளுக்கு முன்பே இங்கே குடியேறினார்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கிய பின், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். அது பிள்ளையைப் பள்ளி வாசலுக்குள் கொண்டுவந்து விடுகிறது. உள்ளே வந்தபின் உணவு இடைவேளையில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதற்குச் சட்டம் ஏது?

புதிய பிள்ளைக்கு ஊரைக் காட்டினால் அது விருந்தாளியாகவே இருக்கும். சின்ன வேலை ஒன்றைக் கொடுத்தால் அந்த ஊர்ப் பிள்ளையாகும். இதுவே என் கருத்து. விருந்தாளியை யாரும் ஏவுவதில்லை அல்லவா?

வேலை என்றதும் தவறாக எண்ணிவிடக் கூடாது. கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும்; நெய்பவர் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ளித் தர இன்னொருவர் வேண்டும். அந்த இடத்தில் ஒரு காலத்தில் சிறுவர் சிறுமியரை உட்கார வைத்துப் படிப்பைக் கெடுத்த கதையை நம் பாட்டிமாரே சொல்வார்கள். நான் கேட்பது அந்த வேலையை அன்று. பால் வாங்குவது, பக்கத்து வீட்டிற்குக் குழம்புக் கிண்ணம் கொண்டுபோவது, நூலகப் புத்தகங்களை எண்ணி அடுக்குவது போன்றவை போதும். இவற்றைச் செய்யும்போது பேச வேண்டியது வேலையைப் பற்றித்தான், தன்னைப் பற்றியன்று. கூச்சமுள்ள பெண்ணுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

"காலம் கெட்டுக் கிடக்கிறது, பெண்பிள்ளையை எப்படி வெளியே அனுப்புவது?" என்று என் அம்மாவே கேட்பார்கள். அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தனியாக அனுப்ப வேண்டாம். தெருவில் உள்ள இன்னொரு பிள்ளையுடன் அனுப்புங்கள். ஜப்பானில் பல ஊர்களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள். மூத்தவர் முன்னே, இளையவர் பின்னே. கீழ் வகுப்பில் தங்கள் வட்டாரத்தைச் சுற்றிவந்து, கடைகளையும் தபால் நிலையத்தையும் குறித்து வரைபடம் எழுதுவது அங்கே பாடமாகவே இருக்கிறது. நாமோ பிள்ளைக்கு ஊர் பழகவில்லை என்று சொல்லிக்கொண்டே கையில் கைப்பேசியைக் கொடுத்து அறைக்குள் உட்கார வைக்கிறோம். அதில் தெரிவது பழைய ஊர்த் தோழியின் முகம்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆரணித் தோழியிடம் பேசிவிட்டு அழுத இரவுகள் உண்டு.

நம் சிஸ்டர்களுக்கு ஒரு விண்ணப்பம். புதிதாகச் சேர்பவளை முதல் நாள் மேடையேற்ற வேண்டாம். அவள் தெருவிலிருந்தோ அவள் பேருந்திலோ வருகின்ற ஒருத்தியை ஒரு மாதத்திற்குத் துணையாக அமர்த்துங்கள். முடிந்தால் முதல் வாரமே ஒரு பொறுப்பையும் கொடுங்கள். உணவு இடைவேளைக்கு மணி அடிக்கும் வேலையை வரும் ஜூன் மாதம் புதியவள் ஒருத்திக்குக் கொடுக்கலாமே என்று நேரில் கேட்டும் பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக அந்த வேலை என்னுடையது; விட மனமில்லைதான். சிஸ்டர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பார்க்கலாம்" என்றார்கள்.