கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் கணக்கைக் காப்போம்



2025-ஆம் ஆண்டின் புரட்டாசி, ஐப்பசி மாதங்களை நம்மில் பலர் எளிதில் மறக்க மாட்டோம். செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய், வெண்ணெய், சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்று நாம் அன்றாடம் விற்கும் பல சரக்குகள் 5 சதவீதத்துக்கு இறங்கின. அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அதற்கு ஆறாம் நாள் தீபாவளி. விகிதத்தைத் திருத்துவதா, கம்ப்யூட்டரை மாற்றுவதா, சரக்குக் கட்டுவதா என்று ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் தலைமேல் நின்றன. அந்த அவசரத்தில் நமக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு நமது கருத்துக்கு வருகிறோம்.

நமது வீட்டு முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் நமது மண்டிக்கும் கணக்குப்பிள்ளை. பகலில் பிள்ளைகள் பாடம் பார்ப்பார்கள். இரவு கடை சாத்திவிட்டு வந்து நாம் அன்றைய பில்களை ஏற்றுவோம். சிறு வியாபாரிகளில் பலர் வீட்டிலும் இதுதான் நிலைமை. அந்த இயந்திரம் வயதாகிப் போய், ஒரு பில் திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. தெரிந்த கடையிலிருந்து ஒரு பையனை வரச் சொன்னோம். அவர் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போட்டாப் போதுமுங்க, பறக்கும். இருக்கறத அப்பிடியே புதுசுக்கு மாத்திரலாமுங்க. ஒரு மணி நேர வேலைதான்" என்றார். "முதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கலாமா தம்பி?" என்று கேட்டோம். "அதான் பழசு அப்பிடியே கையில இருக்குமேங்க" என்று பதில் வந்தது. நியாயமாகப் பட்டது. விட்டுவிட்டோம்.

பழையதும் 500 ஜி.பி., புதியதும் 500 ஜி.பி. திரையில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தன. எதிலிருந்து எதற்கு என்று கேட்ட இடத்தில் அவர் மாற்றிக் கொடுத்துவிட்டார். எச்சரிக்கை வந்தது. 'சரி' என்று அழுத்திவிட்டார். காலியாக இருந்த புதிய டிஸ்க், நிறைந்திருந்த பழைய டிஸ்க்கின் மேல் போய்ப் படிந்தது. அவர் கவனித்து நிறுத்துவதற்குள் இருபது நிமிடம் ஓடிவிட்டது. அழிந்ததை மீட்டுத் தருபவரிடம் கொண்டுபோனோம். பிள்ளைகளின் சில புகைப்படங்கள் கிடைத்தன. கணக்குக் கோப்பு கிடைக்கவில்லை. "அழிச்சதுன்னா எடுக்கலாமுங்க. அதும்மேல எழுதிட்டா எடுக்க முடியாதுங்க" என்றார் அவர்.

நம்மிடம் இருந்த கடைசிப் படி, ஏப்ரலில் ஆண்டுக் கணக்கு முடித்தபோது பென் டிரைவில் எடுத்தது. ஐந்து மாதக் கணக்கு போயிற்று. ஜி.எஸ்.டி. எண் உள்ளவர்களுக்குப் போட்ட பில்களை நாம் தாக்கல் செய்திருந்ததால் இணையதளத்திலிருந்து திரும்ப எடுத்தோம். கொள்முதல் விவரமும் அங்கே கிடைத்தது. வரவு செலவை வங்கி அறிக்கையிலிருந்து எழுதிக்கொண்டோம். திரும்பக் கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான்: ஜி.எஸ்.டி. எண் இல்லாத சிறு மளிகைக் கடைக்காரர்களின் பற்று வரவு. யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அந்த டிஸ்க்குக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

பிறகு அன்னூர், காரமடை, சூலூர், பல்லடம் என்று ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினோம். நடந்ததை மறைக்காமல் சொல்லி, "உங்க நோட்டுல என்ன இருக்குதோ அதையே எழுதிக்கறோமுங்க" என்றோம். பெரும்பாலோர் நோட்டை எடுத்து நம் முன்னாலேயே விரித்து வைத்தார்கள். அன்னூரில் ஒருவர் நோட்டில், நாம் மனக்கணக்காக வைத்திருந்ததைவிடத் தொகை கூடுதலாகவே இருந்தது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்காது. இரண்டு பேர் நோட்டே வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். அவர்களிடம் நாம் எந்த முகத்தோடு கேட்பது? நாமே வைத்துக்கொள்ளவில்லையே!

இதில் குற்றம் யாருடையது? அந்தப் பையனைக் குறை சொல்லிக் கொஞ்ச நாள் ஆறுதல் பட்டுக்கொண்டோம். யோசித்துப் பார்த்தால் அது சரியல்ல. ஸ்குரூ டிரைவர் அவருடையது, கணக்கு நம்முடையது. கல்லாப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போகிறவனை என்ன சொல்வோமோ, அதைத்தான் நம்மையும் சொல்ல வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, அந்தந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். விபத்தினாலோ இயற்கையினாலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி மின்னணுக் கணக்குக்கு மாற்றுப் படி வைத்திருக்க வேண்டும் என்பது 57-ஆம் விதி. ஆகவே, "ஹார்டு டிஸ்க் போய்விட்டதுங்க" என்பது அதிகாரியிடம் சொல்லக்கூடிய பதில் ஆகாது.

இதனால் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. கோயமுத்தூர்க்காரர்கள் பழுதுக்கு அஞ்சுகிறவர்கள் அல்லர். இந்தியாவின் முதல் மின் மோட்டார் 1937-இல் ஜி.டி. நாயுடு அவர்களின் முயற்சியால் இங்கேதான் உருவானது. மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் உடனே புது மோட்டாரா வாங்குகிறோம்? ஃபியூஸைப் பார்க்கிறோம், ஃபுட் வால்வைப் பார்க்கிறோம், கடைசியில்தான் காயில் கட்டக் கொடுக்கிறோம். அந்த முறையான புத்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் நம்மை விட்டுப் போய்விடுகிறது. ஒன்று, பயந்துபோய் முழுப் பெட்டியையும் மாற்றுகிறோம். இல்லாவிட்டால், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறோம்.

சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் தேதி தவறாகக் காட்டுகிறதா? உள்ளே இருக்கும் காசு போன்ற சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். விலை மலிவான பொருள்தான். ஆனால் அதைக் கவனிக்காமல் விட்டால் பில்லில் பழைய தேதி விழும், தாக்கல் செய்யும்போது குழப்பம் வரும். திடீரென்று நின்று நின்று போகிறதா? மளிகைக் கடையில் மிளகாய்த் தூளும், மாவும், சாக்கு நாரும் விசிறியில் அடைத்துக்கொண்டு சூடேறுகிறது. முதலில் தூசியை எடுங்கள். திரை வராமல் பீப் சத்தம் மட்டும் வருகிறதா? ரேமைக் கழற்றி, துடைத்து, சரியாக அழுத்தி மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடுகிறது.

புதிய பாகம் வாங்குவதிலும் நிதானம் வேண்டும். டி.டி.ஆர். 3 ரேம் போடும் இடத்தில் டி.டி.ஆர். 4 ஏறாது. இரண்டிலும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஏறவில்லை என்று அழுத்தினால் உடைவது போர்டுதான். பழைய ரேமைக் கையோடு எடுத்துப் போவதே நல்லது. 2025 இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணினி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை உலகமெங்கும் ஏறியது. மொத்தமாக வாங்குபவர் வந்தால் சில்லறைக்குச் சரக்கு கிடைக்காது என்பது நமக்குத் தெரியாததா? அப்படிப்பட்ட நேரத்தில் மலிவு என்று யாராவது கொண்டுவந்தால், பில்லும் வாரண்டியும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

விண்டோஸ் 11-க்குப் பழைய இயந்திரம் ஆகாது என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. பல போர்டுகளில் அது உள்ளேயே இருக்கிறது, பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் ஏற்கப்படும். அதற்கு முந்தியது என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டிக்கும் திட்டத்தையும் நிறுவனம் அறிவித்தது. தீபாவளி வாரத்தில் நாம் அவ்வளவு அவசரப்பட்டிருக்கத் தேவையில்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

இன்னொரு பொறியும் உண்டு. சில கம்ப்யூட்டர்களில் பிட்லாக்கர் என்ற பூட்டு நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். போர்டை மாற்றினாலோ பயாஸைத் தொட்டாலோ அது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். எண் இல்லாவிட்டால் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும் கணக்கு வெளியே வராது. வேலை தொடங்கும் முன்பே அந்த எண்ணைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். கணக்கு மென்பொருளின் உரிமத்தைப் பழைய இயந்திரத்திலிருந்து எப்படி மாற்றுவது என்பதையும் விற்றவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் தராசும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் வைத்திருப்பவர்கள், அவற்றின் பழைய வயர்களைச் செருக இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே புதுப் பெட்டிக்கு முன்பணம் கொடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2012-இல் பட்ட மின்வெட்டை நாம் மறக்கவில்லை. இன்வெர்ட்டரும் யு.பி.எஸ்.ஸும் வாங்கினோம், ஆனால் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர் குறைவு. எர்த் இல்லாத இணைப்பில் போடும் புதிய பாகத்துக்குப் பாதுகாப்பில்லை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் தாமாகத் திறக்க வேண்டாம். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

வரியையும் கவனியுங்கள். கம்ப்யூட்டர் பாகங்களுக்குக் கட்டும் 18 சதவீத வரியை, பில் இருந்தால், உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். வீட்டு உபயோகமும் கலந்திருந்தால் கடைக்கு உரிய பங்குக்கு மட்டும்தான். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது. வருமான வரியில் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. பில் இல்லாமல் நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பவர் வாரண்டியையும் இழக்கிறார், இவற்றையும் இழக்கிறார். கழற்றிய ஹார்டு டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதும் தவறு. நமது வாடிக்கையாளர்களின் கணக்கு அதோடு போகிறது. பழுதில்லாத டிஸ்க்கை ஓராண்டாவது பீரோவில் வைத்திருந்து, பிறகு முழுவதும் அழித்து, முறையாக மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

நமது சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். எடைக்கல்லுக்கு முத்திரை வைக்கும் நாள் வந்தால் சங்கம் உறுப்பினர்களுக்கு நினைவூட்டுகிறது. அதுபோல, நம்பிக்கையான பழுது நீக்குநர்களின் பட்டியல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். வேலை தொடங்கும் முன், "கணக்குப் படி எடுக்கப்பட்டது, வேறு இயந்திரத்தில் திறந்து பார்க்கப்பட்டது" என்று இரு தரப்பும் கையெழுத்திடும் சீட்டு ஒன்றை அச்சடித்துக் கொடுக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஆகாது. அந்தச் சீட்டு நம் கையில் இருந்திருந்தால், பல்லடம் வரை நாம் பஸ் ஏறியிருக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் கடைக்குச் சாம்பிராணி போடுகிறோம். அந்த நேரத்திலேயே கணக்கை ஒரு பென் டிரைவில் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் பத்து நிமிடம்கூட ஆகாது. அதையும் வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று என்று இரண்டாக வையுங்கள். ஆயுத பூசைக்குக் கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறோம். அதற்கு முந்தின நாள், படி எடுத்த பிறகு, பெட்டியைத் திறந்து தூசியும் தட்டி வைக்கலாம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நாம் பதறினோம், சிதறியது. உறுப்பினர்கள் அந்த அனுபவத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினோம்.